ஜீமற், ஜி.ஆர்.ஈ. வசனக் கணக்குகள்: எதைவிட, எதில், எதன் மடங்கு?

கேள்வி இதுதான். கொழும்பில் வங்கியொன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர், சாதாரண தரம் தமிழ்மூலம், கணிதத்தில் ஏ சித்தி, உயர்தரம் வர்த்தகம். இன்னும் மூன்று மாதத்தில், எம்.பி.ஏ. போன்ற முகாமைத்துவ மேற்படிப்புகளுக்கான நுழைவுப் பரீட்சையான ஜீமற் எழுத வேண்டும். சமன்பாட்டை நேராகக் கொடுத்தால் தீர்த்துவிடுகிறார். அதையே நாலு வரி ஆங்கிலத்தில் கதையாகக் கொடுத்தால் பத்துக்கு நாலைந்து பிழைத்துவிடுகிறது, நேரமும் போதவில்லை. சூத்திரங்களைத் திரும்பப் பாடமாக்குவதா, ஆங்கிலத்தைத் திருத்துவதா என்று கேட்கிறார்.

இரண்டிலும் நேரத்தைக் கொட்ட வேண்டாம். சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்தவருக்கு வசனக் கணக்குப் பிழைப்பது, சமன்பாடு எழுதுவதற்கு முந்திய அரை நிமிடத்தில். கணக்கில் வரும் ஒவ்வொரு எண்ணும் எதன்மேல் நிற்கிறது என்று கேட்காமல் கை எழுதத் தொடங்கிவிடுகிறது. 20% என்றால் எதில் 20%? மூன்று மடங்கு என்றால் எதன் மடங்கு? 5 குறைவென்றால் எதைவிட? இதற்கு விடை சொல்லிவிட்டு எழுதும் சமன்பாடு பெரும்பாலும் சரியாகவே வரும். இந்தப் பதில் முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான்.

முதலில் நேரக்கணக்கு. இப்போதைய ஜீமற்றில் கணிதப் பகுதி 21 கேள்விகள், 45 நிமிடம். ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 8 செக்கன். கல்குலேற்றர் கிடையாது. 2023 பிற்பகுதியில் வந்த புதிய அமைப்பில் கேத்திரகணிதம் இந்தப் பகுதியிலிருந்து போய்விட்டது. எஞ்சியிருப்பது எண்கணிதமும் அட்சரகணிதமும்தான். அவற்றில் நல்லதொரு பங்கு கதை உடுத்தே வரும். பலவகைப் பட்டமேற்படிப்புகளுக்கும் எழுதும் ஜி.ஆர்.ஈ.யின் கணிதத்தில் 12 கேள்விக்கு 21 நிமிடம், பிறகு 15 கேள்விக்கு 26 நிமிடம். ஒன்றுக்கு ஒன்றே முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே திரையில் கல்குலேற்றர் உண்டு, கேத்திரகணிதமும் உண்டு. எந்தப் பரீட்சையானாலும் வாசிக்கவும் பொருள் பிரிக்கவும் 40 செக்கன் ஒதுக்குங்கள். அது வீண்போன நேரம் மாதிரித் தோன்றும். ஆனால் நாலு நிமிடம் விழுங்கிய கணக்குகளைத் திரும்பிப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் முதல் 15 செக்கனுக்குள்ளேயே ‘எக்ஸ்’ எழுதப்பட்டிருக்கும்.

சாதாரண தரத்திலிருந்து கொண்டுவரும் ஒரு பழக்கத்தையும் இங்கே கழற்றி வைக்க வேண்டும். அங்கே படிமுறைக்குப் புள்ளி உண்டு. ஆகவே தெரியாக் கணியத்தை எடுத்து, சமன்பாடு அமைத்து, ஒவ்வொரு வரியாக இறங்குவது சரியான வழி. இங்கே உங்கள் தாளை யாரும் பார்ப்பதில்லை; தெரிவு செய்த விடைக்கு மட்டுமே புள்ளி. விடைகளிலிருந்து பின்னோக்கி வருவதும், எண்ணைப் போட்டுப் பார்ப்பதும், மதிப்பிட்டு வெட்டுவதும் முழு மரியாதையுள்ள வழிகள்.

வாசிக்கும்போது கடைசி வரியை முதலில் வாசியுங்கள். கேட்டது என்ன, எந்த அலகில் என்பதைத் தாளின் மேல்மூலையில் எழுதி வட்டமிடுங்கள். ஓர் உதாரணம்: பேனா ஒன்று 40 ரூபா, கொப்பி ஒன்று 150 ரூபா. மொத்தம் 14 பொருட்கள், 1,220 ரூபா. கொப்பிகளைவிடப் பேனாக்கள் எத்தனை கூட? எல்லாமே பேனா என்று வைத்தால் 560 ரூபா. 660 ரூபா குறைகிறது. ஒரு பேனாவைக் கொப்பியாக மாற்றினால் 110 கூடும். ஆகவே 6 கொப்பி, 8 பேனா. கேட்டது வித்தியாசம்: 2. விடைத் தெரிவுகளில் 6 இருக்கும், 8 இருக்கும், 2 இருக்கும். 6 வந்தவுடன் கை அதைத் தொட்டுவிடும், ஏனென்றால் கணக்கு முடிந்துவிட்டது போன்ற திருப்தி அந்த இடத்தில்தான் வருகிறது. மேல்மூலையில் ‘பேனா − கொப்பி’ என்று வட்டமிட்டிருந்தால் கண் அங்கே திரும்பும்.

இனி முக்கியமான விஷயம். தமிழ்மூலம் படித்தது இங்கே குறை என்று பலர் நினைக்கிறார்கள். வசனக் கணக்கில் அது ஒரு கருவியாகவே உதவும். கணிதக் கல்வியில் நன்கு அறியப்பட்ட ஒரு கணக்கை எடுங்கள்: ‘சிக்ஸ் டைம்ஸ் அஸ் மெனி ஸ்டூடன்ஸ் அஸ் ப்ரொபெஸர்ஸ்’. மாணவர் தொகை ம, பேராசிரியர் தொகை ப. ஆங்கில வசனத்தில் ஆறும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், கை 6ம = ப என்று எழுதிவிடும். பொறியியல் மாணவர்களே தவறுகிற இடம் இது. அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘மாணவர், பேராசிரியர்களின் ஆறு மடங்கு’. ஆறு மடங்கு எதன்மேல் என்று ‘இன்’ காட்டிவிட்டது. ம = 6ப. சந்தேகம் இருந்தால் 10 பேராசிரியர், 60 மாணவர் என்று போட்டுப் பாருங்கள்.

தமிழில் ஒப்பீட்டின் அடி எப்போதும் உருபோடு வரும். ‘ரவியைவிட’, ‘மீதியில்’, ‘விலையின்’. அந்த உருபு எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ அதுதான் அடித்தொகை. ஆங்கில வசனத்தை முழுதாக மொழிபெயர்க்கத் தேவையில்லை, அதற்கு நேரமும் இல்லை. எண் வரும் இடத்தில் மட்டும் நின்று, ‘எதைவிட, எதில், எதன்’ என்று மனதுக்குள் கேட்டு, அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு போடுங்கள். ‘பைவ் லெஸ் தான் ட்வைஸ் அ நம்பர்’: ஓர் எண்ணின் இரு மடங்கைவிட 5 குறைய; ஆகவே 2க − 5. 5 − 2க அன்று. நடுவில் ஒரு ‘இஸ்’ புகுந்து ‘பைவ் இஸ் லெஸ் தான்’ என்று வந்தால் அது கழித்தலே அன்று. 5 < 2க என்ற சமனிலி.

மாறிகளுக்கு எக்ஸ், வை என்று பெயர் வைக்காமல் பொருளின் முதலெழுத்தை வையுங்கள். தாளில் ஆங்கில எழுத்தோ தமிழ் எழுத்தோ உங்கள் வசதி. ஒரு நிமிடம் கழித்து எக்ஸ் பேனாவா கொப்பியா என்று தேடும் வேலை மிச்சம்.

சதவீதக் கணக்குகள் முழுக்க முழுக்க அடித்தொகைக் கணக்குகள்தான். 18% வற் வரி சேர்த்து ஒரு பொருள் 5,900 ரூபா என்றால் வரிக்கு முன் விலை என்ன? 5,900 இல் 18% கழித்து 4,838 என்று எழுதுபவர் வங்கியில் வேலை செய்பவராக இருந்தாலும் பரீட்சை அவசரத்தில் எழுதிவிடுவார். வரி போடப்பட்டது பழைய விலையில். 5,900 என்பது பழைய விலையின் 118%. ஆகவே 5,900 ÷ 1.18 = 5,000. இதே காரணத்தால் 25% கூட்டியதைச் சமன்செய்ய 20% குறைத்தால் போதும் (1.25 × 0.8 = 1). 20% கூட்டி 20% குறைத்தால் பழைய இடத்துக்கு வராது; 96% இல் நிற்கும்.

தொடர்ச்சியாக ‘மீதியில், மீதியில்’ என்று வரும் கணக்குகளில் செலவைப் பின்தொடராதீர்கள், எஞ்சுவதைப் பின்தொடருங்கள். சம்பளத்தில் 1/4 வாடகை. மீதியில் 1/3 சாப்பாடு. அதற்குப் பிறகு மீதியில் 20% சீட்டு. கையில் 36,000 ரூபா. எஞ்சும் பங்குகள் 3/4, 2/3, 4/5. பெருக்கினால் 2/5. ஆகவே சம்பளம் 90,000. இதில் நடக்கும் பிழை, மூன்று பின்னங்களையும் கூட்டி 1 இலிருந்து கழிப்பது. அப்படிச் செய்தால் 13/60 வரும். 36,000 அதற்கு ஒழுங்காக வகுபடாது. எண்கள் அசிங்கமாக வரத் தொடங்கினால் கணக்கைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் அடித்தொகைதான் எங்கோ மாறியிருக்கும். திரும்பி வசனத்துக்குப் போங்கள்.

இரண்டு குணங்களால் பிரியும் கூட்டங்களுக்கு வென் வரிப்படத்தைவிட இரண்டுக்கு இரண்டு அட்டவணை நல்லது. ஓர் அலுவலகத்தில் 60% பெண்கள். பெண்களில் 25% பேரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் உண்டு. மொத்த ஊழியரில் 40% பேரிடம் உண்டு. அனுமதிப்பத்திரம் இல்லாதவர்களில் எத்தனை சதவீதம் ஆண்கள்? மொத்தம் 100 என்று வையுங்கள். பெண் 60, ஆண் 40. பெண்களில் உள்ளவர் 15, இல்லாதவர் 45. மொத்தத்தில் உள்ளவர் 40. ஆகவே ஆண்களில் உள்ளவர் 25, இல்லாதவர் 15. இல்லாதவர் மொத்தம் 60. அதில் ஆண் 15. விடை 25%. இப்போது பிழையான விடைகள் எப்படிப் பிறக்கின்றன என்று பாருங்கள். அதே 15ஐ மொத்த ஊழியரால் வகுத்தால் 15%. ஆண்களால் வகுத்தால் 37.5%. இல்லாதவர்களால் வகுத்தால் 25%. ஒரே 15, மூன்று அடித்தொகை, மூன்று விடை, மூன்றும் தெரிவுப் பட்டியலில் இருக்கும். கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு, கேள்வியின் கடைசி வரியில் ‘இல்’ எங்கே ஒட்டியிருந்தது என்று பார்க்காமல் புள்ளியை இழப்பது இங்கேதான்.

‘பெண்களில் 25%’ என்பதும் ‘ஊழியர்களில் 25% பேர் அனுமதிப்பத்திரம் உள்ள பெண்கள்’ என்பதும் வேறு வேறு. ஆங்கிலத்தில் இவை ஏறக்குறைய ஒரே சொற்களில், ‘ஒவ்’ இடம் மாறி மட்டும் வரும். இந்த வித்தியாசத்துக்காகவே தனியாகப் பத்துப் பதினைந்து கணக்கு செய்து பார்ப்பது பயன்.

கதிக் கணக்குகளில் இரண்டு பொறிகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று சராசரிக் கதி. போகும்போது மணிக்கு 60 கிலோமீற்றர், வரும்போது 40. சராசரி 50 அன்று. மெதுவாக வந்த பயணத்துக்குக் கூடுதல் நேரம் செலவானதால், சராசரி 40 பக்கமாக இழுபடும். தூரம் தரப்படவில்லையா? 60க்கும் 40க்கும் பொதுவாக வகுபடும் 120ஐப் போடுங்கள். 2 மணித்தியாலம், 3 மணித்தியாலம்; 240 ÷ 5 = 48. மற்றது, வெவ்வேறு நேரத்தில் புறப்படுவது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே 400 கிலோமீற்றர் என்று கணக்கு வைக்கட்டும். காலை 6 மணிக்குக் கொழும்பிலிருந்து ஒரு வாகனம் மணிக்கு 60 இல் புறப்படுகிறது. 7 மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொன்று மணிக்கு 40 இல் எதிரே வருகிறது. முதலில் இரண்டும் ஓடும் நிலைக்குக் கடிகாரத்தைக் கொண்டுவாருங்கள். 7 மணிக்கு இடைவெளி 340. ஒன்றையொன்று நோக்கி வருவதால் கதிகள் கூடும்: 100. ஆகவே 3.4 மணித்தியாலம். இதில் 3 மணி 40 நிமிடம் என்று எழுதி 10.40ஐத் தெரிவு செய்தவர் கணிதத்தில் பிழைக்கவில்லை, அலகில் பிழைத்தார். 0.4 × 60 = 24; சந்திப்பது 10.24க்கு. கொழும்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று கேட்டால் 60 × 3.4 அன்று, 60 × 4.4 = 264. முதல் வாகனம் ஒரு மணித்தியாலம் முந்திப் புறப்பட்டதை மறந்தால் 204 வரும்; அதுவும் தெரிவுகளில் காத்திருக்கும். சரிபார்க்க மறுபக்கத்தைக் கணியுங்கள்: 40 × 3.4 = 136; 264 + 136 = 400.

வேலைக் கணக்குகளுக்கு 1/6 + 1/8 என்று பின்னங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேலைக்கு ஓர் அளவு கொடுங்கள். தொடர்மாடி ஒன்றின் தண்ணீர்த் தாங்கியை ஒரு குழாய் 6 மணித்தியாலத்தில் நிரப்பும், மற்றது 8 மணித்தியாலத்தில். பொது மடங்குகளுட் சிறியது 24. தாங்கி 24 வாளி என்று வையுங்கள். முதல் குழாய் மணிக்கு 4 வாளி, இரண்டாவது 3. இரண்டும் 2 மணித்தியாலம் ஓடிய பிறகு முதல் குழாய் நின்றுவிட்டது. நிரம்பியது 14, மீதி 10, இரண்டாவது குழாய்க்கு 10/3 மணித்தியாலம், அதாவது 3 மணி 20 நிமிடம். ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்றால் இதுதான். ‘மொத்தம் எவ்வளவு’ என்றால் 5 மணி 20. அடியில் 12 மணித்தியாலத்தில் வெறுமையாக்கும் ஒழுக்கு இருந்தால் மணிக்கு 2 வாளியைக் கழியுங்கள். வேறு புது முறை வேண்டாம்.

ஆட்கள் விலகும் கணக்கும் இதே உறவுதான். 12 பேர் 15 நாளில் முடிக்கும் வேலையில், 5 நாள் கழித்து 4 பேர் விலகினால், மீதி 12 × 10 = 120 ஆள்நாள். அதை 8 ஆல் வகுக்க இன்னும் 15 நாள்.

கலவைக் கணக்குகளுக்கு எதிர்வித்தியாச முறையைக் கையில் வைத்திருங்கள். கிலோ 1,400 ரூபா தேயிலையையும் 2,000 ரூபா தேயிலையையும் கலந்து 1,550 ரூபாக் கலவை வேண்டும். 1,550 இலிருந்து மலிவானதுக்கு 150 தூரம், விலைகூடியதுக்கு 450 தூரம். விகிதம் இந்தத் தூரங்களின் தலைகீழ்: மலிவானது 450, விலைகூடியது 150; அதாவது 3 : 1. 20 கிலோ வேண்டுமென்றால் 15 உம் 5 உம். விகிதத்தைத் திருப்பிப் போடுவதே இங்கே வழமையான பிழை. அதைப் பிடிக்கச் சமன்பாடு தேவையில்லை. 1,550 என்பது 1,400க்குப் பக்கத்தில் நிற்கிறது, ஆகவே கலவையில் 1,400 தேயிலைதான் கூட இருக்க வேண்டும். இந்த ஒரு பார்வை 3 செக்கன்; தெரிவுகளில் பாதி வெட்டுப்படும். தண்ணீர் சேர்க்கும் கணக்கில், மாறாமல் இருப்பது எது என்று கேளுங்கள். 40 லீற்றரில் 25% பழச்சாறு என்றால் சாறு 10 லீற்றர். தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் அந்த 10 மாறாது. 20% ஆக வேண்டுமென்றால் மொத்தம் 50. ஊற்றுவது 10 லீற்றர். 25 இலிருந்து 20க்கு இறங்க 5% தண்ணீர், அதாவது 2 லீற்றர் என்று கணிப்பவர் மொத்தமும் மாறுகிறது என்பதை மறந்தவர்.

வயதுக் கணக்குக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. இருவரின் வித்தியாசம் என்றைக்கும் மாறாது, ‘இன்னும் 6 வருடத்தில்’ என்றால் இருவருக்கும் 6 கூடும், அவ்வளவுதான். அப்பா மகனின் 4 மடங்கு, 6 வருடத்தில் 3 மடங்கு: 4ம + 6 = 3(ம + 6); மகன் 12, அப்பா 48. பிழைப்பவர்கள் வலது பக்க அடைப்பை மறந்து 3ம + 6 என்று எழுதுபவர்கள்.

எண்ணும் கணக்குகளில் இடைவெளியையும் கம்பத்தையும் குழப்ப வேண்டாம். 500 மீற்றர் நடைபாதையில் இரு முனையிலும் ஒன்று நிற்க, 20 மீற்றருக்கு ஒரு விளக்குக் கம்பம் என்றால் 25 இடைவெளி, 26 கம்பம். 12ஆம் பக்கத்திலிருந்து 30ஆம் பக்கம் வரை 18 பக்கம் இல்லை, 19.

எப்போது சமன்பாடு, எப்போது எண்ணைப் போடுவது? தெரிவுகள் ஐந்தும் வெறும் எண்களாக இருந்து, கேட்டதும் ஒற்றை எண்ணாக இருந்தால், தெரிவுகளைக் கணக்குக்குள் போட்டுப் பார்க்கலாம். எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் நடுவிலிருந்து தொடங்குங்கள். கூடிப்போனால் அதைவிடப் பெரிய இரண்டும் போய்விடும். ஆனால் ‘வித்தியாசம் என்ன’, ‘விகிதம் என்ன’ என்று கேட்டால் இது வேலை செய்யாது, நேரம்தான் போகும். தெரிவுகளில் மாறிகள் இருந்தால் உங்கள் எண்ணைப் போடுங்கள். ம மாம்பழம் வ ரூபா. ந மாம்பழம் வாங்கி ஆயிரம் ரூபாத் தாள் கொடுத்தால் மீதி எவ்வளவு? ம = 4, வ = 300, ந = 3 என்று வைத்தால் ஒன்று 75, மூன்று 225, மீதி 775. எந்தத் தெரிவு 775 தருகிறதோ அதுதான்: 1000 − நவ/ம. 0, 1 இரண்டையும் போடாதீர்கள். பெருக்கினாலும் வகுத்தாலும் 1 அப்படியே இருப்பதால் இரண்டு மூன்று தெரிவுகள் ஒரே விடையைத் தந்துவிடும். ஒரே எண்ணை இரண்டு மாறிக்கும் போடாதீர்கள். இரண்டு கணியங்களில் எது பெரிது என்று கேட்கும் ஜி.ஆர்.ஈ.யின் ஒப்பீட்டுக் கேள்விகளில் இது தலைகீழ். அங்கே 0, 1, பின்னம், எதிர் எண் எல்லாவற்றையும் போட்டுத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் உறவு எப்போதும் அதேயா என்பதே கேள்வி.

தரப்பட்ட இரண்டு கூற்றுகள் விடை காணப் போதுமா என்று கேட்கும் ஜீமற்றின் தரவுப் போதுமைக் கேள்விகள் இப்போது 20 கேள்விகள் கொண்ட டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் வருகின்றன. அங்கே தீர்க்க வேண்டாம், தீர்க்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். இந்த வருட விற்பனை எத்தனை? முதல் கூற்று: போன வருடத்தைவிட 25% கூட. இரண்டாவது: போன வருடத்தைவிட 300 கூட. முதலாவதில் அடித்தொகை தெரியாது, இரண்டாவதிலும் தெரியாது. சேர்த்தால் 25% என்பது 300, அடித்தொகை 1,200, இந்த வருடம் 1,500. இரண்டும் சேர்ந்தால்தான் போதும். இந்த உதாரணம் ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிடும்: இரண்டு தெரியாக் கணியம் என்றால் இரண்டு சமன்பாடு வேண்டும் என்று. அந்தப் பழக்கத்துக்கென்றே ஒரு பொறி உண்டு. ரோல்ஸ் ஒன்று 110 ரூபா, வடை ஒன்று 70 ரூபா. எத்தனை ரோல்ஸ் வாங்கினார்? கூற்று: மொத்தம் 720 ரூபா. ஒரே சமன்பாடு, 11ர + 7வ = 72. ஆனால் ரோல்ஸும் வடையும் முழு எண்களில்தான் வாங்க முடியும். ர = 0 முதல் 6 வரை போட்டுப் பாருங்கள்; 4 மட்டுமே பொருந்தும், வடையும் 4. ஆகவே ஒரே கூற்றுப் போதும். ஆட்கள், வண்டிகள், முத்திரைகள் என்று வெட்ட முடியாத பொருட்கள் வந்தால், முழு எண் என்ற சொல்லப்படாத நிபந்தனையையும் ஒரு தரவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பயிற்சி. வேலைக்குப் போய்வருபவருக்கு வாரநாளில் ஒன்றரை மணித்தியாலம் கிடைத்தால் பெரிது. அதை இரண்டாகப் பிரியுங்கள். காலி வீதி பஸ்ஸில் இருக்கை கிடைத்தால், தாள் பேனா இல்லாமல், பத்துக் கணக்குகளை வாசித்து மூன்றே கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள்: என்ன கேட்டது, எந்த அலகு, ஒவ்வொரு சதவீதமும் மடங்கும் எதன்மேல். தீர்க்கவே வேண்டாம். முதல் மூன்று வாரத்துக்கு இதுதான் அதிக பலன் தரும் பயிற்சி. பிழை பிறக்கும் இடத்தை மட்டும் தனியாகப் பயிற்றுகிறது. வீட்டில் மாலையில் பத்துக் கணக்கு, 21 நிமிடம் வைத்து, முழுதாக.

பிழைக் கொப்பி ஒன்று வையுங்கள். பிழைத்த கணக்குக்குப் பக்கத்தில் சரியான தீர்வை அழகாகப் பிரதி பண்ணுவதால் ஒன்றும் நடக்காது. எந்த இடத்தில் பிழைத்தது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள்: அடித்தொகை, அலகு, கேட்டது, கணிப்பு, நேரம், வழி தெரியாது. ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அந்தக் கொப்பியில் எழுதாதீர்கள். அது எதையும் திருத்த உதவாது. கவனக்குறைவென்று நினைத்ததைக் கிளறிப் பார்த்தால் அடித்தொகையோ அலகோதான் கிடைக்கும். 60 கணக்கு சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். ‘வழி தெரியாது’ பாதிக்கு மேல் இருந்தால் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். ‘அடித்தொகை’யும் ‘கேட்டது’ம் முன்னுக்கு நின்றால், புதிய சூத்திரம் எதுவும் வாங்க வேண்டாம். பிழைத்த கணக்கைப் பத்து நாள் கழித்து, தீர்வைப் பாராமல் மறுபடி செய்யுங்கள். அடுத்த நாளே செய்தால் நினைவுதான் விடை சொல்லும்.

கல்குலேற்றர் இல்லாத கணிப்புக்கு, 1/6 = 16⅔%, 1/8 = 12.5%, 3/8 = 37.5%, 5/8 = 62.5%, 1/7 சுமார் 14.3% போன்றவை தடுமாறாமல் வர வேண்டும். வங்கியில் எக்செலோடு பழகிய கைக்கு இது சில வாரம் எரிச்சலாக இருக்கும். ஜி.ஆர்.ஈ. எழுதுபவர்களும் திரையிலுள்ள கல்குலேற்றரை எதற்கெடுத்தாலும் தொடாதீர்கள். 48 × 25 ஐ அங்கே அடிக்கும் நேரத்தில் 4,800ஐ 4 ஆல் வகுத்து 1,200 என்று முடித்துவிடலாம்.

முழுநீளப் பரீட்சைகளை வீணாக்காமல் வையுங்கள். ஜீமற்றுக்கு அதன் உத்தியோகபூர்வ தளத்தில் இரண்டு மாதிரிப் பரீட்சைகள் இலவசம், ஜி.ஆர்.ஈ.க்கு அதன் உத்தியோகபூர்வ பயிற்சித் தொகுப்பான பவர்ப்ரெப்பில் இரண்டு இலவசம். ஒன்றை நாலாவது வாரத்திலும் மற்றதைப் பரீட்சைக்குப் பத்து நாள் முன்பும் எழுதுங்கள். வீட்டில் சத்தம் என்றால், ஞாயிறு காலையில் அமைதியான வாசிகசாலை ஒன்றைத் தேடிப் போய், கைத்தொலைபேசியைப் பையில் வைத்து, தொடர்ச்சியாக உட்கார்ந்து எழுதுங்கள்.

பரீட்சையில் ஒரு கணக்கு 2 நிமிடம் தாண்டியும் சமன்பாடாக மாறவில்லையென்றால், மதிப்பிட்டு, விடையாக இருக்க முடியாத தெரிவுகளை வெட்டி, ஒன்றைத் தெரிவு செய்து, அடையாளமிட்டு நகருங்கள். ஜீமற்றில் ஒரு பகுதிக்கு மூன்று விடைகள் வரை திரும்பி மாற்றலாம். அந்த மூன்றையும், வழி தெரிந்தும் எண்கள் சிக்கிய கணக்குகளுக்கு ஒதுக்குங்கள், ஒன்றுமே புரியாதவற்றுக்கு வேண்டாம். ஜீமற்றில் கேள்விகளை முடிக்காமல் விட்டால் புள்ளி இன்னும் குறையும். ஆகவே கடைசி மூன்று நிமிடத்தில் இரண்டு கேள்வி மிச்சமிருந்தால், ஒன்றை ஒழுங்காகச் செய்து மற்றதை ஊகித்துத் தொடுங்கள். ஜி.ஆர்.ஈ.யில் பிழையான விடைக்குக் கழிவு இல்லை, ஒரே பிரிவுக்குள் எத்தனை தடவையும் முன்னும் பின்னும் போகலாம். அங்கே முதல் சுற்றில் நீளமான கதைகளைத் தாண்டிப் போய், சின்னக் கணக்குகளை முடித்துவிட்டுத் திரும்புவது நல்லது.